லீமாவிலிருந்து உயுனி வரை பேருந்தில் தனியாக: பாதை, உயரம், இருக்கை, எல்லை

#1 தென்கோடி

ஜூலையில் பெரு, பொலிவியா. லீமாவில் இறங்கி உயுனி உப்புவெளி வரை முழுக்கப் பேருந்திலேயே போவதாகத் திட்டம். தனியாகப் போகும் பெண், இந்தியப் பாஸ்போர்ட், சைவம், ஸ்பானிஷ் கடை கண்ணியில் சமாளிக்கும் அளவுக்கு. மூன்று வாரம் இருக்கிறது.

லீமாவிலிருந்து கூஸ்கோவுக்கு நேர் பேருந்து 20–22 மணி நேரத்தில் போய்விடுகிறது. ஏறிப் படுத்தால் மறுநாள் கூஸ்கோ. ஆனால் இங்கே பழைய இழைகளில் பலர் அதை வேண்டாம் என்கிறார்கள். காரணம் என்ன? அதைவிட்டால் எந்த வரிசையில் போவது?

#2 மேட்டுநிலம்

அந்தப் பேருந்தில் குறை எதுவும் இல்லை. அது போகும் பாதை ஏறி இறங்கும் விதம்தான் ஆளைப் படுத்தும்.

லீமா கடலோரம். நாஸ்கா வரை பாலைவனச் சாலை, அங்கேயும் உயரம் 520 மீட்டர் அளவுதான். நாஸ்காவில் சாலை கிழக்கே திரும்பியதும் நூறு கிலோமீட்டருக்குள் பம்பா கலேராஸ், சுமார் 4,000 மீட்டர். பிறகு புக்கியோவுக்கு இறக்கம் (3,200). அதன்பின் மறுபடி ஏறி 4,300-க்கு மேல் புல்வெளியில் நெடுநேரம் ஓடும். அடுத்து அபன்காய் வரை பெரிய இறக்கம் (2,400), உடனே இன்னொரு கணவாய், அபூரிமாக் ஆற்றுப் பாலத்தில் 1,900 அளவு, கடைசியாகக் கூஸ்கோ 3,400. கடல்மட்டத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஏறுகிறவர் மறுநாள் விடிவதற்குள் 4,300 மீட்டரில் இருப்பார். அதுவும் தூக்கத்தில். தூங்கும்போது மூச்சின் ஆழம் குறையும். விழித்திருந்தால் தாங்கும் உயரத்தில் தூங்கி எழுந்தால் தலை பிளக்கும். கூடவே கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வந்தால் அது வளைவினாலா உயரத்தினாலா என்று பிரித்தறிய முடியாது, ஆபத்து அதில்தான்.

மூன்று வாரம் இருக்கும்போது வரிசை இப்படி இருக்கட்டும்: லீமா, இகா அல்லது நாஸ்கா (ஓர் இரவு), அரெக்கிப்பா 2,335 மீட்டர் (குறைந்தது இரண்டு இரவு, மூன்று நல்லது), கூஸ்கோ. ஆனால் கூஸ்கோவில் இறங்கிய அன்றே அங்கே தங்காமல் ஒல்லந்தாய்தம்போவுக்கு இறங்கிவிடுங்கள். அது 2,790 மீட்டர்தான். புனிதப் பள்ளத்தாக்கையும் மாச்சு பிச்சுவையும் முதலில் முடித்துக்கொண்டு கூஸ்கோவுக்குத் திரும்பினால் அந்த 3,400 தொந்தரவு தராது. பிறகு பூனோ 3,827, எல்லை தாண்டிப் பொலிவியாவில் கோபகபானா, லா பாஸ், உயுனி. கூஸ்கோவுக்குப் பிறகு இரவு தங்கும் ஊர்கள் எல்லாம் 3,600-க்கும் 3,850-க்கும் இடையில்தான், பெரிய தாவல் எதுவும் கிடையாது.

எந்த வகுப்பு, எந்த நிறுவனம் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். வரிசை தப்பினால் எந்தச் சொகுசு இருக்கையும் உதவாது.

#3 மருந்துப்பெட்டி

மேட்டுநிலம் சொன்ன வரிசைக்கு என் ஓட்டும். மருந்து விவரத்தை நான் சேர்க்கிறேன். வாங்குவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் பேசியாக வேண்டும், குறிப்பாக சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால்.

உயர நோய் வராமல் முன்தடுப்புக்கு அசிட்டசோலமைடு 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும், உயரத்தை அடைந்து இரண்டு நாள் வரை தொடரலாம். இதுவே நம் ஊரில் டையமாக்ஸ் 250 மாத்திரையாகக் கிடைக்கும், பாதியாக உடைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனி மரமரப்பது, சோடா பானங்கள் சப்பென்று இருப்பது இயல்பு, பயப்பட ஒன்றும் இல்லை. சிறுநீர் அடிக்கடி வரும். பேருந்துப் பயணத்தில் இது பெரிய விஷயம். இரவுப் பேருந்து என்றால் இரண்டாம் வேளையைப் பின்மதியம் நான்கு மணிக்கே போட்டுக்கொள்ளுங்கள். சிறுநீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

தூக்க மாத்திரை, மது இரண்டும் வேண்டாம், மூச்சை இன்னும் மந்தமாக்கும். வாந்தி மாத்திரைகளில் பலவும் தூக்கத்தை வரவழைப்பவைதான். அதனால் வளைவுச் சாலையைப் பகலில் கடப்பதே மேல். கோகா இலைத் தேநீர் வயிற்றுக்கு இதமாக இருக்கும், குடிக்கலாம். அது டையமாக்ஸுக்கு மாற்று ஆகாது.

முக்கியமானது இதுதான். தலைவலி, பசியின்மை, லேசான குமட்டல் இருந்தால் அதே உயரத்தில் ஓய்வெடுக்கலாம், மேலே ஏறக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நேர்க்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே இறங்க வேண்டும், மருத்துவமனை தேடவேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இறங்குவதென்றால் எங்கே என்று முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். கூஸ்கோவில் இருந்தால் ஒல்லந்தாய்தம்போ. பூனோவில் இருந்தால் அரெக்கிப்பா, ஆறு மணி நேரம், ஆனால் வழியில் 4,400-ஐத் தாண்டித்தான் போகவேண்டும் என்பதால் நிலைமை மோசமானவரை ஆக்சிஜன் இல்லாமல் ஏற்றக்கூடாது. லா பாஸில் இருந்தால் நகரின் தெற்குப் பகுதியே சில நூறு மீட்டர் தாழ்வு. உயுனிக்கு அருகில் தாழ்வான பெரிய ஊர் இல்லை, துபிசா (2,950) சில மணி நேரத் தொலைவு. ஆகவே உடம்பு சரியில்லாமல் லா பாஸிலிருந்து உயுனிக்கு ஏறாதீர்கள்.

#4 கடைசி_இருக்கை

ஒரு மாற்றுக் கருத்து. அரெக்கிப்பாவிலிருந்து கூஸ்கோவுக்குப் பெரும்பாலான பேருந்துகள் இரவில்தான், சுமார் பத்து மணி நேரம், 4,000-க்கு மேல் நெடுந்தூரம். "தூக்கத்தில் உயரம் வேண்டாம்" என்றால் இதுவும் அதே கதைதானே? அரெக்கிப்பாவிலிருந்து சிவாய் போய் கோல்கா பள்ளத்தாக்கில் இரண்டு இரவு தங்கி, அங்கிருந்து கூஸ்கோவுக்கோ பூனோவுக்கோ போகும் பகல்நேரச் சுற்றுலாப் பேருந்தைப் பிடிப்பது நல்லது. சாலை முழுக்க வெளிச்சத்தில் கடந்துவிடும்.

#5 மேட்டுநிலம்

பகல் பயணம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அரெக்கிப்பா–சிவாய் சாலையில் பத்தபம்பா கணவாய் 4,900 மீட்டர், இந்தப் பயணம் முழுவதிலும் அதுதான் உச்சம். சிவாயே 3,635. அரெக்கிப்பாவில் ஒரே இரவு தங்கிவிட்டு அதில் ஏறுகிறவர்கள்தான் அதிகம் வாடுவார்கள். மூன்று இரவு அரெக்கிப்பா, பிறகு சிவாய், பத்தபம்பாவில் பேருந்து நின்றால் மெதுவாக இறங்கி மெதுவாக ஏறுவது என்று இருந்தால் உங்கள் வழி என் வழியைவிடச் சிறந்தது. சிவாயைவிடத் தாழ்வான காபானாகோந்தே (சுமார் 3,290) தூங்குவதற்கு இன்னும் நல்லது. இரண்டு நாள் கூடும், அவருக்கு அந்த நாட்கள் இருக்கின்றன.

#6 யாழ்_ரொறன்ரோ

இருக்கை, சாமான் பற்றி நான் சொல்லுறன்.

பெருவில நல்ல கம்பனிகளின்ர பஸ் எல்லாம் இரண்டு தட்டு. கீழ்த்தட்டில 'காமா', 160 பாகை வரைக்கும் சாயும், ஒரு வரிசையில மூன்றே இருக்கை. மேல்தட்டில 'செமி காமா', 140 பாகை, வரிசைக்கு நாலு. வளைவுப் பாதைக்குக் கீழ்த்தட்டுத்தான், ஆட்டம் குறைவு. தலைசுற்று வாற ஆக்கள் மேல்தட்டுப் பின்வரிசையைத் தொடவே வேண்டாம். மேல்தட்டு முன்வரிசையில இருந்தால் காட்சி அருமை, ஆனால் காலை நீட்ட இடமில்லை, பகலில வெயில், இரவில எதிர்வாகன வெளிச்சம், மோதினால் முதல் அடியும் அங்கதான். கழிப்பறை அனேகமாகக் கீழ்த்தட்டில படிக்குப் பக்கத்தில இருக்கும், அதுக்கு இரண்டு வரிசை தள்ளி எடுங்கோ. அந்தக் கழிப்பறை சிறுநீருக்கு மட்டும். கடுதாசி, கை துடைக்கிற ஈரத்துண்டு உங்கட கையில இருக்கவேணும். பொலிவியாவில அதைப் பூட்டியே வைச்சிருக்கிற பஸ்ஸும் உண்டு, ஏற முன்னம் நிலையத்திலயே போயிட்டு வாங்கோ.

பெரிய பை கீழ் அறைக்குப் போகும், இலக்கத் துண்டு தருவினம். அதைப் படம் எடுத்து வைச்சிட்டு, துண்டைப் பாஸ்போட்டோட சேர்த்து வையுங்கோ. சின்னப் பையைத் தலைக்கு மேல் தட்டிலயும் வைக்கக்கூடாது, காலுக்குக் கீழயும் தள்ளிவிடக்கூடாது. மேலே வைச்சால் நீங்கள் நித்திரையில இருக்கேக்க போகும். கீழே வைச்சால் பின் இருக்கையில இருந்து கை வரும். மடியில வைச்சு வாரை ஒரு காலில சுற்றிக்கொள்ளுங்கோ. சாப்பாட்டுக்கு நிற்கேக்க பையும் உங்களோட இறங்கவேணும். யாராவது "உங்கட உடுப்பில ஏதோ பட்டிருக்கு" எண்டு துடைக்க வந்தால் நில்லாமல் நடவுங்கோ.

தனியப் போற பெண் எண்டால் கீழ்த்தட்டில ஒற்றை இருக்கையை எடுக்கிறதுதான் ஒரே நல்ல வழி. கொஞ்சக் காசு கூட, பக்கத்தில ஆள் இல்லை.

#7 தென்கோடி

ஒற்றை இருக்கை, குறித்துக்கொண்டேன். அப்படியானால் இரவுப் பேருந்தே கூடாதா? லீமா–அரெக்கிப்பா பகலில் கிடைக்குமா? ஜூலையில் மண்சரிவு இருக்குமா?

#8 கடைசி_இருக்கை

மண்சரிவுக் காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை. ஜூலை வறண்ட காலம், சாலைக்கு நல்லது. ஆனால் இரவுக் குளிர் கடுமை. பூனோவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும், உயுனியில் அதைவிட நிறையக் கீழே.

லீமா–அரெக்கிப்பா சுமார் 1,000 கிலோமீட்டர், 15–17 மணி நேரம், அதனால் எப்படியும் ஒரு பகுதி இருட்டில் வரும். அதை உடைத்துப் போவதுதான் வழி. லீமா–இகா நாலரை மணி நேரம், பகலில் பேருந்துகள் நிறைய. நாஸ்காவுக்குத் தெற்கே சாலை கடலை ஒட்டிப் பாறை விளிம்பில் போகும். 2018 பிப்ரவரியில் ஓகோன்யா அருகே பேருந்து பள்ளத்தில் விழுந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது அந்தப் பகுதியில்தான். பகல் பேருந்து கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் மலிவுக்கு ஆசைப்படாமல் இரண்டு ஓட்டுநர் இருக்கும் சேவையாகப் பாருங்கள். பெருவின் போக்குவரத்து விதிப்படி ஓர் ஓட்டுநர் தொடர்ச்சியாகப் பகலில் 5 மணி நேரம், இரவில் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. சீட்டு வாங்கும்போது "தோஸ் சோஃபெரெஸ்?" (இரண்டு ஓட்டுநரா?) என்று கேட்டாலே போதும், நல்ல நிறுவனத்தார் தயங்காமல் பதில் சொல்வார்கள். பல பேருந்துகளில் பயணிகள் பக்கம் வேகம் காட்டும் சிறு பலகை இருக்கும், கண் வைத்திருங்கள்.

லீமாவில் ஒரே மத்தியப் பேருந்து நிலையம் கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள். பெரிய நிறுவனங்களுக்குத் தனித்தனி நிலையம், ஒரே நிறுவனத்துக்கே ஒன்றுக்கு மேல் உண்டு. சீட்டில் எந்த நிலையம் என்று பார்த்துவிட்டு டாக்சி எடுங்கள். லீமா நெரிசலில் தவறான நிலையத்துக்குப் போனால் பேருந்து போய்விடும். கூஸ்கோ, பூனோ, அரெக்கிப்பாவில் பொது நிலையங்கள் உண்டு, அங்கே சீட்டுக்கு மேல் ஏறுமிடக் கட்டணம் என்று சில்லறை கேட்பார்கள். அந்தத் துண்டு இல்லாமல் ஏறவிட மாட்டார்கள், சோல் நாணயங்கள் கையில் இருக்கட்டும்.

ஜூலை 28, 29 பெருவின் சுதந்திர நாள் விடுமுறை. நாடே ஊருக்குப் போகும், கட்டணம் ஏறும், இருக்கை கிடைக்காது. அந்த வாரத்துக்கு முன்பே பொலிவியாவுக்குள் போய்விடுகிற மாதிரி நாட்களை வையுங்கள்.

#9 மேட்டுநிலம்

மண்சரிவைவிட ஜூலையில் பயணத்தைக் கெடுப்பது மறியல். பெருவில் 'பாரோ', பொலிவியாவில் 'புளோக்கேயோ' என்பார்கள். கல்லும் மரமும் போட்டுச் சாலையை அடைப்பார்கள், ஒரு நாளும் இருக்கலாம், வாரக்கணக்கிலும் இருக்கலாம். 2022 டிசம்பரில் தொடங்கிய போராட்டத்தில் தென் பெரு, குறிப்பாகப் பூனோ வட்டாரம், அடுத்த ஆண்டு தொடக்கம் வரை முடங்கியது.

புறப்படும் முந்தைய இரவு பார்க்க வேண்டியவை இரண்டு. பெருவுக்கு சூத்ரான் என்ற சாலைப் போக்குவரத்துக் கண்காணிப்பு அமைப்பின் எச்சரிக்கை வரைபடம். பொலிவியாவுக்கு ஏ.பி.சி. என்ற நெடுஞ்சாலை நிர்வாகத்தின் வரைபடம். சீட்டு விற்கும் சாளரத்தில் கேட்டால் எப்போதும் "போகும்" என்றுதான் சொல்வார்கள். விடுதிக்காரர் சொல்வது அதைவிட நம்பகமானது.

மறியலில் மாட்டினால் இருட்டில் இறங்கி நடந்து கடக்க முயலாதீர்கள். அதற்காகவே பையில் இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு வேளை உணவு, கனத்த உடுப்பு, மின்னூட்டி எப்போதும் இருக்க வேண்டும். உயுனிப் பயணத்துக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் இடையே மூன்று நாளாவது காலியாக விடுங்கள்.

#10 ஏரிக்கரை

கூஸ்கோவிலிருந்து லா பாஸ் வரை உள்ள பகுதிக்கு வருகிறேன்.

கூஸ்கோ–பூனோ சுமார் 390 கிலோமீட்டர். சாதாரணப் பேருந்தில் 6–7 மணி நேரம். சுற்றுலாப் பேருந்து அந்தாஹுவாய்லியாஸ் தேவாலயம், ரக்சி, லா ராயா கணவாய் (4,335), புகாரா என்று நின்று நின்று ஒரு முழுப் பகல் எடுக்கும். பணம் கூட என்றாலும் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். பூனோவுக்கு 45 கிலோமீட்டர் முன்னால் ஹூலியாகா. மலிவுப் பேருந்துகள் சில அங்கேயே முடிந்து வேறு வண்டிக்கு மாற்றிவிடும். சீட்டு வாங்கும்போதே "திரெக்தோ" (நேர்ப் பேருந்து) என்று உறுதி செய்யுங்கள்.

பூனோவிலிருந்து கோபகபானா வழியாகப் போங்கள், தேசாகுவாதேரோ வழியாக வேண்டாம். பின்னது சரக்கு லாரிகளின் எல்லை, நெரிசல் அதிகம். காலைப் பேருந்தில் இடப்பக்கம் உட்கார்ந்தால் தித்திகாகா ஏரி கூடவே வரும். காசானி எல்லையில் இறங்கிப் பெருவின் வெளியேறும் முத்திரை, பிறகு நடந்து எல்லைத் தோரண வளைவைக் கடந்து பொலிவியாவின் நுழைவு முத்திரை. பேருந்து மறுபக்கம் காத்திருக்கும். முத்திரையின் தேதியையும் நாட்களின் எண்ணிக்கையையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பொலிவியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் கூட்டி வைக்க வேண்டும். கோபகபானாவிலிருந்து அடுத்த பேருந்தின் நேரத்தைக் கணக்கிடும்போது பலரும் தவறுவது இங்கேதான். எல்லை மாலையில் மூடிவிடும், பிற்பகல் பேருந்தை நம்பிப் போகாதீர்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பொலிவிய விசா விதியைப் புறப்படும் முன்பே தூதரகத்தில் கேட்டு முடித்துவிடுங்கள். அவசரத்துக்குக் கூஸ்கோவிலும் பூனோவிலும் அவர்களுடைய அலுவலகங்கள் உண்டு, ஆனால் வார இறுதியில் மூடியிருக்கும்.

கோபகபானாவிலிருந்து லா பாஸ் நாலு மணி நேரம். நடுவில் திகினா நீரிணை, 800 மீட்டர் அகலம். பேருந்து தட்டையான மரப் படகில் தனியாகப் போகும், நீங்கள் சிறு படகில் தனியாகச் சீட்டு எடுத்துப் போகவேண்டும். பாஸ்போர்ட், பணம், கேமரா எதையும் பேருந்தில் விடாதீர்கள், அங்கே பாஸ்போர்ட் பார்ப்பதும் உண்டு. சில பொலிவியானோ சில்லறை இல்லாமல் அந்தப் படகுக்கு நிற்காதீர்கள்.

லா பாஸில் மலிவுப் பேருந்துகள் கல்லறைப் பகுதியில் இறக்கிவிடும். இருட்டிய பிறகு அங்கே போய் இறங்குவது நல்லதல்ல. கூவி அழைக்கும் டாக்சியில் ஏறாதீர்கள், ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கும் டாக்சியில் ஏறவே ஏறாதீர்கள். பகலில் என்றால் சிவப்புத் தடக் கம்பிவடக் காருக்கு அங்கேயே நிலையம் இருக்கிறது, நகர நடுவுக்கு அதுவே எளிது. போலீஸ் என்று சொல்லிச் சாதாரண உடையில் வந்து பையைக் காட்டச் சொன்னால் தெருவில் திறக்க வேண்டாம், விடுதிக்கோ காவல் நிலையத்துக்கோ நடந்தே வருவதாகச் சொல்லுங்கள்.

#11 மருந்துப்பெட்டி

சைவம் பற்றி யாரும் எழுதவில்லை. "சோய் வெஹெதாரியானா" (நான் சைவம்) என்றால் மாட்டிறைச்சி இல்லாமல் கோழி வரும். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" (இறைச்சி, கோழி, மீன் இல்லாமல்) என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சூப் எதுவானாலும் பெரும்பாலும் எலும்புச் சாற்றில்தான், கீன்வா சூப் உள்பட. நிலையங்களில் நம்பிச் சாப்பிடக்கூடியவை: அவித்த சோளமும் பாலாடைக்கட்டியும், அவித்த உருளை, வறுத்த மொச்சை மாதிரியான ஆபாஸ், வறுத்த சோளம், ரொட்டி, வாழைப்பழம். ஊர்களில் 'சீஃபா' என்ற சீன உணவகங்களில் காய்கறிச் சோறு கிடைக்கும். உயரத்தில் செரிமானம் மந்தம், பேருந்து நாளில் வயிற்றைப் பாதிதான் நிரப்ப வேண்டும்.

வீட்டிலிருந்து புளிக்காய்ச்சல், தொக்கு கொண்டு போனால் இறுக மூடிய டப்பா 4,000 மீட்டரில் காற்று விரிந்து எண்ணெயைக் கக்கும். கால் பங்கு இடம்விட்டு, இரட்டை உறையில் போட்டு, உயரம் மாறும் ஒவ்வொரு நாளும் மூடியை ஒருமுறை தளர்த்தி மூடுங்கள். ஷாம்பு, பற்பசைக்கும் இதுவே.

#12 யாழ்_ரொறன்ரோ

லா பாஸ்–உயுனி: இரவு ஒன்பது மணிவாக்கில வெளிக்கிட்டு விடிய ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில போய்ச் சேரும். பாதை இப்ப தார் றோட்டுத்தான். கால்தான் விறைக்கும், ஏனெண்டால் வெப்பமூட்டி வேலை செய்யாத பஸ் நிறைய. கம்பளிக் காலுறை இரண்டு சோடி, தொப்பி, கையுறை எல்லாம் கைப்பையில இருக்கவேணும், பெரிய பையில இருந்தால் எட்டாது. யன்னல் ஓரத்தில கண்ணாடிக்கும் உங்களுக்கும் நடுவில ஒரு துண்டைச் செருகுங்கோ. இரவு வேண்டாமெண்டால் காலையில ஓருரோவுக்குப் பஸ், அங்க இருந்து உயுனிக்கு இன்னொரு பஸ், முழுப் பகல் போகும். இறங்கேக்க இருட்டாயிருந்தால் சுற்றுலா விற்க வாறவையோட வீதியில நின்று பேரம் கதைக்காமல் திறந்திருக்கிற தேநீர்க்கடைக்குள்ள போயிருந்து விடிஞ்சபிறகு பாருங்கோ.

டொலர் தாள் கொண்டு போனால் கிழியாத, மடிப்புக் குறைஞ்ச தாளாக இருக்கட்டும். ஒரு சின்னக் கிழிசல் இருந்தாலும் வேண்டமாட்டினம்.

#13 மருந்துப்பெட்டி

இன்னும் இரண்டு. பெரு, பொலிவியா இரண்டும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் உள்ளவை. தடுப்பூசி அட்டை இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம், இலங்கையும் அட்டை கேட்கும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில்தான், முன்பதிவு வேண்டும், ஜூலைக்கு மே மாதமே பதிந்துவிடுங்கள்.

கோகா இலை பெருவிலும் பொலிவியாவிலும் சட்டப்படி விற்கிறது. இந்தியாவில் அது 1985 போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும். தேநீர்ப் பை ஒன்றுகூட வரக்கூடாது. விமானம் ஏறுமுன் சட்டைப்பை, கைப்பையின் பக்க அறைகள், மருந்துப் பொட்டலம் எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தரும் கைப்பிடி இலைகள் பெரும்பாலும் அங்கேதான் தங்கும்.